ஹாம்லெட் பார்க்கப் போகாதீர்கள்!

ஒரே ஒரு தடவை மட்டும் ஓடக்கூடிய டைம் மெஷின் கிடைத்தால் எங்கே போவீர்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். டைனோசர் பார்க்க ஒரு கூட்டம் கிளம்பும். பிரமிடு கட்டுவதைப் பார்க்க இன்னொரு கூட்டம். இலக்கியம் படிக்கிறவர்களைக் கேட்டால் மட்டும் பதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். லண்டன். முதலாம் எலிசபெத் மகாராணி காலம். 1600, 1601 வாக்கில். தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் இருந்த குளோப் தியேட்டரில் ஷேக்ஸ்பியர் நாடகம், முதல் நாள் முதல் காட்சி. எந்த நாடகம்? இதென்ன கேள்வி... ஹாம்லெட்தான்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால், ஒரு டிக்கெட்டை இதைவிட வீணாக்க வழியே இல்லை.

அந்த ஆசையை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நாடக ஆசை இல்லை, கோயிலுக்குப் போகிற ஆசை. மூலவரைத் தரிசித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். நானூறு வருஷமாக எல்லோரும் சேர்ந்து 'உலகத்திலேயே பெரியது' என்று முத்திரை குத்திக் கொடுத்த ஒன்றை, அந்த முத்திரை விழுவதற்கு முன்னால் போய்ப் பார்த்து, 'ஆமாம், பெரியதுதான்' என்று தலையாட்டிவிட்டு வருவது. அதற்கு எதற்கு டைம் மெஷின்? வீட்டில் உட்கார்ந்தே தலையாட்டலாமே!

சரி, போனால் என்ன கிடைக்கும் என்றாவது தெரிந்துகொண்டு ஆசைப்படுகிறார்களா?

1599 செப்டம்பர் 21. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்காரர் தாமஸ் பிளாட்டர் அன்று லண்டனில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுமார் இரண்டு மணிக்கு, கூட வந்தவர்களோடு ஆற்றைக் கடந்து போய், கூரை வேய்ந்த ஒரு கொட்டகையில் ஜூலியஸ் சீசர் கதையைப் பார்த்ததாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அது அந்த வருஷம்தான் எழும்பியிருந்த குளோப் என்றும், நாடகம் ஷேக்ஸ்பியருடையது என்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் ஏங்கித் தவிக்கிற அந்தப் பாக்கியம் இந்த மனிதருக்கு நிஜமாகவே வாய்த்திருக்கிறது. என்ன எழுதினார் தெரியுமா? சுமார் பதினைந்து பாத்திரங்கள், நன்றாக நடித்தார்கள். முடிந்ததும் ஆண் வேஷத்தில் இரண்டு பேர், பெண் வேஷத்தில் இரண்டு பேர் சேர்ந்து அருமையாக ஆடினார்கள். அவ்வளவுதான்! புரூட்டஸின் மனப்போராட்டம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நாடகம் எழுதியவரின் பெயரும் கிடையாது. அதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

சீசரைக் குத்திக் கொன்று, புரூட்டஸும் செத்து விழுந்து, அதற்கப்புறம் ஒரு டான்ஸ். சோக நாடகமானாலும் கடைசியில் ஆட்டம் உண்டு என்பது அந்த ஊர் வழக்கம். இதைச் சொன்னால் ஷேக்ஸ்பியர் பக்தர்கள் பலருக்கு முகம் சுருங்கும்.

கட்டண விவரத்தையும் பிளாட்டர் விடவில்லை. ஒரு பென்னி கொடுத்தால் நின்றுகொண்டு பார்க்கலாம். நம் பாஷையில் தரை டிக்கெட், ஆனால் உட்கார முடியாத தரை டிக்கெட். இன்னொரு பென்னிக்கு உட்கார இடம். மூன்றாவது பென்னிக்கு மெத்தை போட்ட இடம். நடுநடுவே தின்பதற்கும் குடிப்பதற்கும் விற்றுக்கொண்டு ஆட்கள் சுற்றி வருவார்கள். 1989ல் ரோஸ் தியேட்டரின் அஸ்திவாரத்தைத் தோண்டியபோது ஹேசல் கொட்டையின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜனங்கள் கொறித்துத் துப்பியதா, தரை கெட்டியாக இருக்கட்டும் என்று நிர்வாகம் கொட்டிக் கலந்ததா என்று அதற்கும் ஒரு சர்ச்சை உண்டு!

இருட்டடித்த அரங்கம், மேடையில் மட்டும் வெளிச்சம், பின் விழுந்தால் கேட்கும் அமைதி... இதெல்லாம் பின்னால் வந்த சமாச்சாரம். குளோப்பில் பட்டப்பகல்தான். ஹாம்லெட்டின் அப்பா நடுராத்திரியில் ஆவியாக வருகிற காட்சியும் வெயிலில்தான். மழை வந்தால் தரை டிக்கெட் நனைய வேண்டியதுதான். பக்கத்திலேயே கரடியைக் கம்பத்தில் கட்டி அதன்மேல் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கிற கொட்டகை. இன்றைக்கு அங்கே நின்று கத்துகிற ஆள் நாளைக்கு இங்கே வந்து நிற்பான். ரோஸ் தியேட்டர் முதலாளி பிலிப் ஹென்ஸ்லோ கரடி வியாபாரத்திலும் பணம் போட்டவர்தான்.

"இந்தக் கசமுசாவைப் பார்க்கத்தானே ஆசையே!" என்று சிலர் சொல்லக்கூடும். நல்லது. அப்படியானால் ஹாம்லெட் எதற்கு? கசமுசா தினமும் இருந்தது. எந்த மத்தியானம் போனாலும் கிடைக்கும்.

அடுத்து பாஷை. இந்தியாவில் ஆங்கிலம் படித்த ஒருவர் போய் நின்றால் முதல் கால்மணி நேரம் எத்தனை சதவீதம் புரியும்? லண்டனில் இருக்கிறவர்களுக்கே அது ஒரு கேள்விதான். பழைய குளோப் இருந்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில், அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் வருஷக்கணக்காக அலைந்து கட்ட ஆரம்பித்து, அவர் 1993ல் இறந்த பிறகு 1997ல் திறக்கப்பட்ட புது குளோப் இருக்கிறது அல்லவா, அங்கே 2004ல் ஒரு காரியம் செய்தார்கள். மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டலை வைத்துக்கொண்டு, ரோமியோ ஜூலியட் நாடகத்தை ஷேக்ஸ்பியர் காலத்து உச்சரிப்பிலேயே நடித்துப் பார்த்தார்கள். பிபிசி ஆங்கிலம் மாதிரி இல்லவே இல்லை அது. 'ர' சத்தம் எல்லா இடத்திலும் கறாராக விழுகிறது. இன்றைக்கு எதுகை பொருந்தாத வரிகள் அந்த உச்சரிப்பில் பொருந்திப் போகின்றன. வகுப்பில் ராஜகுரல் எடுத்து வாசிக்கிற அந்த ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் பிற்காலத்து மேட்டுக்குடி கட்டிக்கொண்ட ஜோடனை. எதற்குச் சொல்கிறோம் என்றால், அசல் குரலில் அசல் வசனம் கேட்க வேண்டும் என்று போகிறவர்கள், அசலைக் கேட்டதும் 'என்ன இது பட்டிக்காட்டு ஆங்கிலம்' என்று முகம் சுளிக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அந்த அசல் வசனமாவது ஒன்றா? ஹாம்லெட் 1603ல் ஒரு தடவை அச்சானது. 1604, 1605 வாக்கில் இன்னொரு தடவை. 1623ல் மறுபடி. மூன்றும் மூன்று மாதிரி. 1603 பிரதி, அடுத்து வந்ததில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே இருக்கும். அதில் பொலோனியஸுக்கு பொலோனியஸ் என்றே பெயர் இல்லை, கொராம்பிஸ்! உலகத்துக்கே தெரிந்த அந்தத் தனிமொழிகூட அதில் வேறு வார்த்தைகளில், வேறு இடத்தில் வருகிறது. அது யாரோ நடிகர் ஞாபகத்திலிருந்து சொல்லி எழுதியதா, ஊர் ஊராகப் போய் நடிப்பதற்குச் சுருக்கியதா, ஷேக்ஸ்பியரே முதலில் எழுதிப் பார்த்ததா என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். 1601ல் குளோப்பில் போய் நிற்கிற பக்தருக்கு எது காதில் விழும் என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கையில் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்க்க நினைத்தால் அரைமணி நேரத்தில் அழுதுவிடுவார்.

நடிகர்களிடமே முழு நாடகம் கிடையாது. காகிதமும் கை வலியும் மிச்சம் என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனத்தை மட்டும், முன்னால் வருகிறவர் பேசி முடிக்கிற கடைசி இரண்டொரு வார்த்தையோடு, நீளச் சுருளில் எழுதிக் கொடுப்பார்கள். அப்படி ஒரு சுருள் இன்னமும் இருக்கிறது. எட்வர்ட் அலைன் என்ற பெரிய நடிகர் 'ஒர்லாண்டோ ஃபுரியோஸோ' நாடகத்தில் பேசிய பாகம். அவர் 1619ல் ஆரம்பித்த டல்விச் கல்லூரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மற்றவன் என்ன பேசப்போகிறான் என்பது மேடையில் அவன் வாய் திறக்கும்போதுதான் முழுசாகத் தெரியும் என்கிற நிலைமை. ஒத்திகைக்கு அவகாசம் எங்கே? ஞாயிறு நீங்கலாக வாரத்தில் ஆறு நாள் நாடகம். தினமும் வேறு வேறு நாடகம்! ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம் இதற்கெல்லாம் சாட்சி. 1594-95ல் ரோஸ் தியேட்டரில் அட்மிரல் கம்பெனி போட்டது முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட நாடகங்கள். அதில் பாதிக்கு மேல் புத்தம் புதுசு.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பாதிக்கு மேல் புதுசு என்றால், அன்றைக்கு ஒரு பென்னியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவனுக்கு, பார்க்கப்போவது நன்றாக இருக்குமா இருக்காதா என்று தெரியாது. விமர்சனம் வராது. விருது கிடையாது. பேராசிரியர் முன்னுரை கிடையாது. எழுதியவர் யார் என்றுகூடப் பெரும்பாலும் தெரியாது. 'டைட்டஸ் ஆண்ட்ரானிகஸ்' 1594ல் அச்சானபோது அட்டையில் ஷேக்ஸ்பியர் பெயர் இல்லை. 1597ல் வந்த ரோமியோ ஜூலியட் புத்தகத்திலும் இல்லை. நாடகப் புத்தகத்தில் அவர் பெயர் போட்டு விற்க ஆரம்பித்ததே 1598ல்தான். அதுவரை ஜனங்கள் அவர் நாடகங்களைப் பார்த்துக் கைதட்டியது அவர் ஷேக்ஸ்பியர் என்பதற்காக இல்லை. அந்த மத்தியானம் அது அவர்களுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் அந்த நாடகம் இருக்காது.

எலிசபெத் காலத்து ரசிகன் என்றால் இவன்தான். ஹாம்லெட் பார்க்க டைம் மெஷின் ஏறுகிறவர்கள் இவனுக்கு நேர் எதிர். இவர்களுக்கு முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டும். வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். எழுதியவர் மேதை என்று ஊர் உலகம் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இவ்வளவு பாதுகாப்போடு போய் அந்த முற்றத்தில் நின்றால், சுற்றி இருக்கிற இரண்டாயிரம் பேரில் நாடகம் பார்க்காத ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார் :-)

எதிர்த்தரப்பில் வலுவாக ஒரு பேச்சு உண்டு, அதை மறைக்கக்கூடாது. ரிச்சர்ட் பர்பேஜின் நடிப்பைப் பார்க்க வேண்டாமா? ஹாம்லெட், ஒத்தெல்லோ, லியர் எல்லாமே அவருக்காக எழுதப்பட்டவை. அவர் எப்படி நின்றார், எங்கே நிறுத்தினார், எதற்குச் சிரித்தார்கள் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. நிஜம்தான். நடிப்பு மாதிரி முழுசாக அழிந்துபோகிற கலை வேறில்லை. ஆனால் பர்பேஜைப் பார்க்கவும் ஹாம்லெட்டுக்குத்தான் போக வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவர் தொலைந்துபோன எத்தனையோ நாடகங்களிலும் நடித்தவர். ஷேக்ஸ்பியரை நேரில் பார்க்க வேண்டும் என்றாலும் அதே பதில்தான். அவர் ஹாம்லெட்டில் ஆவியாக வந்தார் என்பது நூறு வருஷம் கழித்து 1709ல் நிக்கலஸ் ரோ எழுதி வைத்த கேள்விப்பட்ட கதை. மாறாக, 1598ல் பென் ஜான்சனின் 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹ்யூமர்' நாடகத்தில் நடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் அச்சிலேயே இருக்கிறது. அங்கே போனால் ஆள் நிச்சயம்!

பொற்காலம் பொற்காலம் என்று உருகுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மேடையில் ஒரு பெண்ணும் கிடையாது. ஜூலியட், ஒஃபீலியா எல்லாமே பையன்கள் போட்ட ஸ்திரீபார்ட்தான். இங்கிலாந்தின் பொது அரங்கத்தில் பெண்கள் தொழில்முறையாக நடிக்க 1660 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. (இதைக் கேட்டதும் நம் ஊர் பாய்ஸ் கம்பெனி ஞாபகம் வருகிறதா? வரட்டும், அங்கேயும் பையன்கள் பட்டது கொஞ்சமில்லை.) அதுகூடக் காலத்தின் வழக்கம் என்று விட்டுவிடலாம். பையன்களைப் பிடித்த விதத்தை அப்படி விட முடியாது. தேவாலயப் பாடகர் குழுவுக்குச் சிறுவர்களைக் கட்டாயமாகச் சேர்க்க மகாராணியின் அனுமதி ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு பிளாக்ஃப்ரையர்ஸ் அரங்கத்துச் சிறுவர் கம்பெனிக்காரர்கள் நாடகத்துக்கு ஆள் பிடித்தார்கள். 1600 டிசம்பரில் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன தாமஸ் கிளிஃப்டன் என்கிற பதிமூன்று வயதுப் பையனை அப்படியே தூக்கிக்கொண்டு போய், வசனச் சீட்டைக் கையில் திணித்து, மனப்பாடம் செய்யாவிட்டால் அடி என்று மிரட்டியிருக்கிறார்கள். அப்பா ஹென்றி கிளிஃப்டன் செல்வாக்குள்ள ஆள். மேலிடத்தில் சொல்லிப் பையனை மீட்டு, மறுவருஷம் வழக்கும் போட்டார். அந்தப் புகார் இருப்பதால்தான் இது நமக்குத் தெரிகிறது. அதிலேயே இன்னும் சில பையன்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இப்படிப்பட்ட அப்பா இல்லை. அந்த அரங்கத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குழந்தைகள் பாடி நடித்ததைக் 'காணக் கண் கோடி வேண்டும்' என்கிற மாதிரி எழுதுகிறவர்கள், அந்தப் பையன்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

1567ல் முதல் தியேட்டர் முயற்சி ஆரம்பித்ததிலிருந்து 1642ல் பாராளுமன்றம் எல்லா அரங்கத்தையும் இழுத்து மூடியது வரை, லண்டனில் எழுதப்பட்ட நாடகங்கள் சுமார் 3000 இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இன்றைக்குக் கையில் இருப்பவை சுமார் 540. இன்னும் எழுநூற்றுச் சொச்சம் நாடகங்களுக்குப் பெயரோ, ஏதோ ஒரு துப்போ மட்டும் இருக்கிறது. மிச்சத்துக்குப் பெயர்கூட இல்லை. ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது! தாமஸ் ஹேவுட் என்பவர் 220 நாடகங்களில் தன் கை இருந்ததாக 1633ல் எழுதினார். அவற்றில் பத்தில் இரண்டு பங்குகூட இன்றைக்கு இல்லை. ஹென்ஸ்லோ கணக்கில் 'வெஸ்ட்செஸ்டரின் ஞானி' என்று ஒரு நாடகம் வருகிறது. 1594 டிசம்பரில் ஆரம்பித்து சுமார் முப்பது தடவை போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து சூப்பர் ஹிட். அந்தப் பெயரில் ஒரு பக்கம்கூட இல்லை. கையெழுத்துப் பிரதியாக இருக்கிற வேறொரு நாடகம்தான் அது என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள்.

எப்படித் தொலைந்தது? பாதி அலட்சியம், பாதி அகம்பாவம். ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய நூலகத்தை நிறுவிய சர் தாமஸ் போட்லி, பஞ்சாங்கம், நாடகம் மாதிரி உதிரிக் குப்பைகளை உள்ளே சேர்க்க வேண்டாம் என்று 1612ல் தன் நூலகருக்குக் கடிதம் எழுதினார். ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்த வருஷம் அது! அந்த நூலகத்தின் கதை அதோடு முடியவில்லை. 1623ல் ஷேக்ஸ்பியரின் தொகுப்பு அச்சாகி அங்கே வந்து சேர்ந்தது. பிறகு புதிய பதிப்பு வந்ததும் 1660களில் பழையதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அதே பிரதியை 1906ல் 3000 பவுண்ட் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வார்பர்ட்டன் என்று ஒரு பழம்பொருள் சேகரிப்பாளர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய நாடகக் கையெழுத்துப் பிரதிகள் தன்னிடம் இருந்ததாகவும், தன் கவனக்குறைவாலும் வேலைக்காரியின் அறியாமையாலும் அவை அடுப்பெரிக்கவும் பலகாரத்துக்கு அடியில் விரிக்கவும் போய்விட்டதாகவும் அவரே பட்டியல் போட்டு எழுதி வைத்திருக்கிறார். மூன்று நாலுதான் தப்பித்தது. பட்டியலில் இருந்ததெல்லாம் நிஜமாகவே அவரிடம் இருந்ததா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எப்படியோ, பழி மட்டும் சமையற்கட்டுக்குப் போனது.

ஷேக்ஸ்பியரே தப்பியது மயிரிழையில்தான். அந்த 1623 தொகுப்பில் 36 நாடகங்கள். அவற்றில் 18 அதற்கு முன் அச்சாகவே இல்லை. மேக்பெத், டெம்பெஸ்ட், ட்வெல்ஃப்த் நைட், பிளாட்டர் பார்த்த ஜூலியஸ் சீசர் எல்லாம் அந்தப் பதினெட்டில். ஹெமிஞ்ஜ், காண்டெல் என்று இரண்டு நடிகர்கள், செத்துப்போன கூட்டாளிக்காக மெனக்கெட்டுத் தொகுத்திருக்காவிட்டால் மேக்பெத் இன்றைக்கு ஏதாவது ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒற்றை வரியாக இருந்திருக்கலாம். அதுவும் இல்லாமல் போயிருக்கலாம். அப்போது பக்தர்கள் யாரும் மேக்பெத்துக்காக ஏங்கியிருக்க மாட்டார்கள். ஏனென்றால் அது பெரிய நாடகம் என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருக்காது.

ஆகவே ஒரே ஒரு டிக்கெட் இருக்கிறது என்றால், இருக்கிற 540ல் ஒன்றைத் திரும்பப் பார்க்கப் போவது அநியாயம். இல்லாத இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஏதாவது ஒன்றுக்குப் போக வேண்டும். எது என்று தேர்ந்தெடுப்பதில்தான் சுகமே இருக்கிறது.

1597 ஜூலைக்குப் போகலாம். ஸ்வான் தியேட்டர். நாடகம் 'நாய்களின் தீவு'. எழுதியவர்கள் தாமஸ் நாஷ், கூடவே இருபத்தைந்து வயது பென் ஜான்சன். ராஜாங்கத்தைப் பற்றி என்னதான் பேசினார்களோ, அரசு ஆலோசனை மன்றத்துக்குத் தாங்கவில்லை. ஜான்சனும் இரண்டு நடிகர்களும் மார்ஷல்ஸீ சிறைக்குப் போனார்கள். நாஷ் யார்மத் ஊருக்கு ஓடிப்போனார். விசாரிக்க அனுப்பப்பட்டவர்களில் ரிச்சர்ட் டாப்கிளிஃப் ஒருவர், சித்திரவதைக்குப் பேர்போன ஆள். நாடகத்தில் ஒரு வரி மிச்சமில்லை. மேடையில் என்ன சொன்னால் ஒரு ராஜாங்கத்துக்குக் கோபம் வரும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல மத்தியானம் ஏது? (கூடவே சிறைக்குப் போன நடிகர்களில் ஒருவரான கேப்ரியல் ஸ்பென்சரை அடுத்த வருஷமே ஜான்சன் வாள்சண்டையில் கொன்றுவிட்டார் என்பது தனிக்கதை.)

ஷேக்ஸ்பியர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 'லவ்ஸ் லேபர்ஸ் வொன்' என்று அவருக்கு ஒரு நாடகம் இருந்ததாக 1598ல் ஃபிரான்சிஸ் மியர்ஸ் எழுதினார். அது வேறு ஏதோ நாடகத்தின் மறுபெயராக இருக்கும் என்று நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 1953ல் ஒரு பழைய புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து, 1603ல் ஒரு புத்தகக் கடைக்காரர் எழுதிய சரக்குப் பட்டியல் கிடைத்தது. அதில் அந்தப் பெயர் இருக்கிறது! அச்சடித்துக் கடையில் விற்ற ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று, ஒரு பிரதி மிச்சமில்லாமல் போயிருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு பக்தராவது சொல்ல வேண்டுமே... ஊஹூம். அது நன்றாக இருக்குமோ இருக்காதோ என்கிற பயம் போலிருக்கிறது.

இந்தப் பயம் நானூறு வருஷத்துக்கு முன்னால் போகிறபோது மட்டும் வருகிறதா என்ன? இன்றைக்குச் சாயங்காலம் நாற்பது நாற்காலி போட்ட ஒரு ஹாலில், யாரும் கேள்விப்படாத ஒருவர் எழுதிய புது நாடகத்தை நாலு பேர் வேர்க்க வேர்க்க நடித்துக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் அரைமணி நேரம். போகிறார்களா? 'எப்படி இருக்கும்னு தெரியலையே, யாராவது பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லட்டும்.' நாலு நூற்றாண்டு பின்னால் போகத் தயாராக இருக்கிறவர்களுக்கு நாலு பஸ் ஸ்டாப் தாண்ட முடியவில்லை. நாடகம் எழுதுகிறவரும் நடிக்கிறவரும் பட்டியலில் ஏறாமல் காணாமல் போவது இப்படித்தான். போட்லி நூலகக் கதவைச் சாத்தினார் என்று சிரிக்கிறோம். அவராவது கடிதம் எழுதிச் சொல்லிவிட்டுச் சாத்தினார்.

சரி, இவ்வளவு சொல்லியும் 'இல்லை, ஹாம்லெட்தான் வேண்டும்' என்பவர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. அதற்கும் ஒரு தேதி இருக்கிறது. ஷேக்ஸ்பியர் எழுதியதாக நாம் படிக்கிற ஹாம்லெட்டுக்கு முன்னாலேயே லண்டனில் ஒரு ஹாம்லெட் ஓடிக்கொண்டிருந்தது. 1589லேயே நாஷ் அதைக் கிண்டலடித்திருக்கிறார். 1596ல் தாமஸ் லாட்ஜ், அதில் வருகிற ஆவி பழிவாங்கச் சொல்லிக் கத்துவது சிப்பி விற்கிறவள் கூவுகிற மாதிரி இருக்கிறது என்று நக்கலடித்திருக்கிறார். எழுதியது தாமஸ் கிட் என்று பலரும், இளவயது ஷேக்ஸ்பியரே என்று சிலரும் சொல்கிறார்கள். ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. உலகத்தின் தலைசிறந்த நாடகம் என்று கொண்டாடுவது உண்மையில் ஒரு ரீமேக். (பம்மல் சம்பந்த முதலியார் அதை 'அமலாதித்யன்' ஆக்கித் தாமே வேஷம் கட்டியதையும் சேர்த்தால் ரீமேக்கின் ரீமேக்.) ஒரிஜினல் ஒரிஜினல் என்று தவிக்கிறவர்களுக்கு ஒரிஜினல் அதுதான்.

ஹென்ஸ்லோ தன் கணக்குப் புத்தகத்தில் அதைக் குறித்திருக்கிறார். 1594 ஜூன் 9. இடம், லண்டன் பாலத்திலிருந்து ஒரு மைல் தெற்கே நியூயிங்டன் பட்ஸ். ரோஸில் நல்ல நாளில் அவர் கணக்கில் மூன்று பவுண்டுக்கு மேல் எழுதுவார். அன்றைக்கு ஹாம்லெட்டுக்கு எழுதியிருப்பது 8 ஷில்லிங். கூட்டமே இருந்திருக்காது. ஒரு பென்னி போதும், மேடைக்குப் பக்கத்திலேயே போய் நிற்கலாம்.